ஆனைமலையில் கூடாரம் போட்டவர்கள்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் மலை ஞாபகம் வந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் போதும். குன்னத்தூர், திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி, சேத்துமடை... அங்கே வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவுகளில் ஏறினால் டாப்ஸ்லிப். எதிரே பச்சைப் புல்வெளி, அதில் மேயும் மான்கள், சுற்றிலும் தேக்கும் மூங்கிலும். வனத்துறை விடுதியில் ராத்திரி தங்க இடம் கிடைத்துவிட்டால் யோகம்தான்!

காட்டுக்குள் ஓர் இரவு தங்குவது இன்றைக்குப் பொழுதுபோக்கு. ஆனால் "இங்கே தங்கலாம், அங்கே தங்கக் கூடாது" என்ற விஷயம் இந்த மலையில் இருநூறு வருஷமாக உயிர்ப் பிரச்சனையாக இருந்திருக்கிறது. நல்ல இடம் எது என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம், அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் உள்ளவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு தரப்பும் ஒன்றாக இருந்ததே இல்லை. ஆனைமலையின் கூடாரங்களுடைய கதை சுருக்கமாக இதுதான்.

முல்லைப்பாட்டில் ஒரு கேம்ப்

கேம்ப் போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டைப் புரட்டிப் பார்க்கலாம். போருக்குப் போன அரசன் காட்டுக்குள் அமைக்கும் பாசறையைப் பற்றிய வர்ணனை அதில் வருகிறது. காட்டாறு சூழ்ந்த அகலமான இடமாகப் பார்க்கிறார்கள். புதர்களை வெட்டி அகற்றுகிறார்கள். சுற்றிலும் முள்வேலி போடுகிறார்கள். தழை வேய்ந்த குடில்களை வரிசையாகக் கட்டித் தெருக்களும் அமைக்கிறார்கள். ராத்திரி விளக்குக்கு ஆள், நேரம் பார்த்துச் சொல்ல ஆள், யானைக்கு ஆள் என்று எல்லா ஏற்பாடும் உண்டு.

தண்ணீர் வேண்டும், தரை சுத்தமாக வேண்டும், சுற்றிலும் காவல் வேண்டும். இன்றைய எந்தக் கையேட்டிலும் இருக்கும் மூன்று விதிகள் அப்போதே இருந்திருக்கின்றன.

அதே இடத்தில் புலவர் நப்பூதனார் இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். பாசறை அமைக்கும் முன் அங்கே இருந்த வேடர்களின் சிறிய அரணை அழித்துவிட்டார்கள் என்பதுதான் அது. ஆக, அந்த இடம் நல்ல இடம் என்பது வேடர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அரசன் வந்தான், அவர்கள் போனார்கள். பாட்டு அதற்கு மேல் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

சமவெளி வெயிலும் மலைக் குளிரும்

கம்பெனி ஆட்சி வந்தபோது வெள்ளைக்காரர்களை வாட்டியது கொங்கு நாட்டு வெயில். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறி, கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். அங்கே அவர் கட்டிய வீடுதான் நீலகிரியின் முதல் பங்களாவாகச் சொல்லப்படுகிறது. பிறகு ஊட்டி வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1845-ல் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள்.

ஆனைமலை மட்டும் அப்படி ஊராகவில்லை. நீலகிரி மேட்டு நிலத்தில் படகர்களின் ஊர்களும் தோதவர்களின் எருமை மேய்ச்சல் நிலங்களும் இருந்தன. ஆனைமலையின் கீழ்ச்சரிவு முழுக்க அடர்ந்த காடு, யானை, காய்ச்சல். அங்கே வெள்ளைக்காரர்களை இழுத்தது குளிர் அல்ல, மரம்.

தேக்குக்காகப் போட்ட முகாம்

அந்தக் காலத்தில் கப்பல் கட்ட மரம்தான். இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துகொண்டே வந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீரில் சீக்கிரம் கெடாது, இரும்பு ஆணியையும் அரிக்காது. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் கண்டபடி வெட்டியதில் மலபார்ப் பக்கத்துக் காடுகள் தீர்ந்துகொண்டிருந்தன. அரசாங்கத்தின் பார்வை ஆனைமலை மேல் விழுந்தது.

1848-ல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரியிடம் ஆனைமலைக் காட்டை ஒப்படைத்தார்கள். மரம் வெட்டுவது, பாதை போடுவது, கீழே இறக்குவது, காட்டைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து மலை விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டால் கீழே போய் விழும். உச்சியில் இருந்து சறுக்கிவிடும் இடம் என்பதால் ஆங்கிலத்தில் "டாப் ஸ்லிப்" என்று பெயர் வந்தது. இன்றைக்கு நம் ஆட்கள் செல்ஃபி எடுக்கும் இடம் ஒரு காலத்தில் மரக்கட்டை உருட்டிய மேடு!

அப்போது மலையில் தங்கியவர்கள் வெளியூர் மரம் வெட்டிகள், வண்டிக்காரர்கள், அதிகாரிகள், யானைகளைப் பார்த்துக்கொண்ட மலசர்கள், காட்டு வழி காட்டிய காடர்கள். முகாம் போட இடம் பார்த்ததற்கு ஒரே கணக்குதான். மரம் எங்கே, தண்ணீர் எங்கே, யானைக்குத் தீவனம் எங்கே? அழகு பார்க்க நேரமில்லை.

காய்ச்சல் சொல்லிக்கொடுத்த விதிகள்

அந்தக் கணக்கில் விட்டுப்போனது காய்ச்சல். ஆனைமலைக் காய்ச்சல் என்றால் சமவெளி ஆட்கள் வேலைக்கே வர மாட்டார்கள். மைக்கேலையும் காட்டுக் காய்ச்சல் திரும்பத் திரும்பத் தாக்கியது. சில வருஷங்களில் அவர் உடம்பு கெட்டு அந்த வேலையை விட வேண்டியதாயிற்று.

காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகும் இலைகளிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்று என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். அந்த நம்பிக்கையின்படி சில விதிகள் உண்டாயின. பள்ளத்தில் கூடாரம் போடாதே. தேங்கிய தண்ணீர் பக்கத்தில் படுக்காதே. தரையில் படுக்காமல் உயரத்தில் படு. பொழுது சாய்ந்தபின் வெளியே திரியாதே. புகை போடு. முதல் மழை பெய்த மாதங்களில் கீழ்க்காட்டில் தங்காதே.

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கெட்ட காற்றுக் கதை அதோடு முடிந்தது. ஆனால் பழைய விதிகள் ஒன்றுகூடத் தப்பாகவில்லை! தேங்கிய நீரில்தான் கொசு முட்டையிடும். பொழுது சாய்ந்தபின்தான் கடிக்க வரும். புகை அதை விரட்டும். காரணம் தப்பு, விதி சரி. அனுபவத்தில் வந்த அறிவு பல நேரம் இப்படித்தான் இருக்கும்.

நீலகிரியில் 1860-களில் அரசாங்கம் சின்கோனா மரம் பயிரிட்டது. அதன் பட்டையிலிருந்து வந்த கொய்னா மருந்து பிறகு காட்டு முகாம்களில் அரிசி, பருப்பு மாதிரி ஒரு அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்றே ஒரு ஊர் இன்றும் இருக்கிறது. அந்த மரத்தைப் பயிர் செய்ததால் வந்த பெயர்.

1858: ரசிப்பதற்காக ஏறியவர்கள்

ஆனைமலையின் மேல் பகுதியை ரசித்துப் பார்த்து எழுதிய முதல் ஆட்களில் ஒருவர் ஹ்யூ கிளெகார்ன். ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர், தாவரவியல் தெரிந்தவர். 1856-ல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். 1858-ல் சில நண்பர்களோடு ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குப் பயணம் போனார். அதைப் பற்றி எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஏட்டில் விரிவாக எழுதினார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெட்டோம் ஆனைமலைத் தாவரங்களைப் பட்டியலிட்டார். டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி மலைக்காட்சிகளைப் படமாக வரைந்தார்.

அவர்கள் பார்த்த உலகம் வேறு. கீழே புழுக்கமும் மூங்கிலும். மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, மற்றதெல்லாம் அலை அலையாகப் புல். இன்று புல்மலை என்று அழைக்கப்படும் பகுதி அது. பாறைகளில் வரையாடு. சோலைக்குள்ளிருந்து வரும் ஓடைத் தண்ணீர் கோடையிலும் பல் கூசுகிற மாதிரி இருக்கும். அந்த உயரத்தில் காய்ச்சல் இல்லை. ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்காரலாம், கம்பளிக்குள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கேயும் ஊட்டி மாதிரி ஒரு ஆரோக்கிய ஸ்தலம் வரலாமா என்ற யோசனை அன்றைய அதிகாரிகளுக்கு இருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இதமான இடம் தேடுவது அப்போது பெரிய வேலை. ஹாமில்டன் பிறகு பழனி மலை, சேர்வராயன் மலை என்று போனதும் இதற்காகத்தான். ஆனைமலையில் ஊர் வரவில்லை. வந்திருந்தால் இன்று புல்மலையில் லாட்ஜும் சாக்லேட் கடையும் இருந்திருக்கும், வரையாடு இருந்திருக்காது.

இந்தப் பயணக் கதைகளிலெல்லாம் துரைமார்களுக்குப் பெயர் உண்டு. முன்னால் நடந்து வழி காட்டியவர்களுக்கு, சுமை தூக்கியவர்களுக்கு, தண்ணீர் இருக்கும் இடம் காட்டியவர்களுக்கு அநேகமாகப் பெயர் கிடையாது. சாதிப் பெயரோ இனப் பெயரோ மட்டும் இருக்கும்.

வராத இளவரசருக்குப் போட்ட ரோடு

1875-ல் விக்டோரியா ராணியின் மூத்த மகன், பிறகு ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் இறங்கி, பேப்பூர் வழியாக ஆனைமலைக்கு வந்து யானை வேட்டையாடுவது என்று திட்டம். 1862-லேயே சென்னையையும் பேப்பூரையும் இணைத்து, திருப்பூர், போத்தனூர் வழியாக ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயில் இறங்கினால் மலை பக்கம்தான்.

மலையில் தடபுடலாக வேலை நடந்தது. பாதை வெட்டினார்கள், தங்குவதற்கு வீடுகள் கட்டினார்கள். எல்லாம் தயார். அப்போது காலரா வந்துவிட்டது! இளவரசரின் உயிரைப் பணயம் வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனைமலைப் பயணம் ரத்தானது. கப்பல் இலங்கைக்குத் திரும்பியது. இளவரசர் யானை வேட்டையை அங்கே முடித்துக்கொண்டு, டிசம்பரில் சென்னைக்கு வந்தார்.

காலரா தண்ணீரில் பரவும் நோய். ஒரே இடத்தில் நிறைய பேர் கூடித் தங்கி, அதே ஓடையில் குடித்து, அதே ஓடைக்கரையில் ஒதுங்கினால் எளிதாகப் பரவும். காடு எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கேட்காமல் கூட்டம் சேர்த்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஓடைக்கு மிக அருகில் கழிப்பிடம் கூடாது என்று இன்று எல்லா மலையேற்றக் குழுக்களும் சொல்கின்றன.

பங்களா மேட்டில், லைன் பள்ளத்தில்

1890-களில் வால்பாறை பக்கம் எஸ்டேட்டுகள் பெருக ஆரம்பித்தன. காடு அழிந்து காப்பியும் தேயிலையும் வந்தன. மலையில் தங்குபவர்கள் எண்ணிக்கை சில நூறிலிருந்து பல ஆயிரமானது. அவர்கள் எங்கே தங்கினார்கள்?

துரையின் பங்களா மேட்டில். காற்று வரும், காட்சி தெரியும், தண்ணீர் தேங்காது. தொழிலாளர் "லைன்" வீடுகள் கீழே பள்ளத்தில். கெட்ட காற்றைப் பற்றியும், பிறகு கொசுவைப் பற்றியும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்கள் லைன் வீட்டுக்காரர்கள்.

வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் இதை "ரெட் டீ" என்ற நாவலாக 1969-ல் எழுதினார். இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்று 2007-ல் தமிழில் வந்தது. 2013-ல் வெளிவந்த "பரதேசி" படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். அதே மலை, அதே பனி, அதே ராத்திரி. ஒருவருக்கு அது சுகவாசம், இன்னொருவருக்குச் சாவு. எந்த இடத்தில் படுக்கிறோம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

காட்டிலேயே தங்கிவிட்டவர்

துரைமார்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி இதற்கு விதிவிலக்கு. 1910-களின் நடுவில் ஆனைமலைக்கு வந்த அவர் பார்த்தது வெட்டவெளி. கப்பலுக்கும், பிறகு ரயில் தண்டவாளக் கட்டைக்கும் வெட்டி வெட்டித் தேக்கு தீர்ந்துபோயிருந்தது.

வணிகம் படிப்பவர்களுக்கு அவர் செய்த வேலை உடனே புரியும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்வது! காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பகுதியில் மட்டும் வெட்டச் சொன்னார். அதையும் வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். காட்டில் நடக்கும்போது பை நிறையத் தேக்கு விதை வைத்திருப்பாராம். கைத்தடியால் தரையில் குத்தி ஒவ்வொரு விதையாகப் போட்டுக்கொண்டே போவாராம். டாப்ஸ்லிப் போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் இன்றும் சொல்லும் கதை இது.

1933-ல் வுட் இறந்தார். அவர் விருப்பப்படியே டாப்ஸ்லிப்பில், அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிப் பார் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் இருக்கும் அதே வாசகம். கட்டடத்துக்குச் சொன்னதைக் காட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பொருத்தம்தான்.

பதி: இடம் பார்க்கத் தெரிந்தவர்கள்

இவ்வளவு பேர் வந்து போன மலையில், போகாமல் இருந்தவர்கள் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காடர்களைப் பற்றி 1899-லேயே எழுதினார். 1952-ல் எரன்ஃபெல்ஸ் என்ற சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொச்சிப் பகுதிக் காடர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

காடர்களின் குடியிருப்புக்குப் பதி என்று பெயர். மூங்கிலும் இலையும் வைத்துக் கட்டிய குடில்கள். தேன், கிழங்கு, குங்கிலியம் என்று பருவத்துக்கு ஏற்ற மாதிரி இடம் மாறுவார்கள். ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் கிழங்கும் தீரும், சுத்தமும் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உயர்ந்த மரத்தில் மூங்கில் முளைகளை அறைந்து அதில் கால் வைத்து ஏறி, ராத்திரியில் தேன் எடுப்பார்கள்.

காட்டில் இடம் பார்ப்பதைப் பற்றி இந்த மக்களோடு நடந்தவர்கள் கற்றுக்கொண்டது நிறைய. ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் இரு, ஆனால் கரையிலேயே இருக்காதே. மேலே பெய்யும் மழை தெரியாது, வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும். யானை நடந்து நடந்து தேய்ந்த தடத்தில் படுக்காதே, அது அதன் ரோடு. விலங்குகள் தண்ணீர் குடிக்கும் இடத்தை ராத்திரி அவற்றுக்கு விட்டுவிடு. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வேண்டாம், யானைக்கு அதுதான் சாப்பாடு. மழைக்காலத்தில் இலைச்சருகு மேல் உட்காராதே, அட்டை ஏறும். கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவில் தங்காதே.

துப்பாக்கி போய் கேமரா வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு காட்டு பங்களாக்களுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. 1961-ல் இந்திரா காந்தி இங்கே வந்து தங்கினார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1976-ல் ஆனைமலை சரணாலயம் ஆனது. பிறகு இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டு, 2007-ல் புலிகள் காப்பகமானது. மரம் இழுத்த யானைகளின் வாரிசுகள் கோழிகமுத்தி முகாமில் இருக்கின்றன. அதிகாரிகள் சோதனைக்கு வந்து தங்கிய விடுதிகளில் இப்போது குடும்பத்தோடு போய்த் தங்கலாம்.

விடுதியில் ஒரு ராத்திரி இருந்தாலே போதும். விடிகாலையில் சீகாரப் பூங்குருவியின் சீட்டி சத்தம். தலைக்கு மேல் ரயில் எஞ்சின் மாதிரி இறக்கையடித்துப் போகும் இருவாட்சி. ராத்திரி மானின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் சிறுத்தை எங்கோ நடக்கிறது என்று அர்த்தம். டிவி இல்லை, பவர்லூம் சத்தம் இல்லை.

நினைத்த இடத்தில் கூடாரம் போடலாமா என்றால், கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம்.

இந்தக் கட்டுப்பாடு தேவையா என்று கேட்பவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அன்று காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்து வந்த குழுவும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போன குழுவும் மாட்டிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஒரு வார இறுதி சந்தோஷத்துக்காகப் போனவர்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ கீழிருந்து மேலாக ஓடும் வேகத்துக்கு மனுஷனால் ஓட முடியாது. கோடையில் புல்லுக்கு நடுவில் இருக்காதே என்பது எவ்வளவு பெரிய விதி என்று அன்றைக்கு நாடே தெரிந்துகொண்டது.

அதன் பிறகு 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் ஆன்லைன் பதிவோடு திறக்கப்பட்டன. டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை போகும் பாதையும் அதில் ஒன்று. வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்களில் பழங்குடி இளைஞர்கள் நிறைய பேர். முன்னால் நடந்தவர்களுக்கு இப்போதாவது பெயரும் சம்பளமும் கிடைக்கிறது.

கல்லார்குடி

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் வால்பாறை மலையில் கல்லார்குடி என்ற காடர் பதி ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் பெய்த பேய்மழையில் அங்கே நிலச்சரிவு ஏற்பட்டு வீடுகள் போயின. இருபது சொச்சம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தெரு என்று சொல்வதும் தப்பு, காட்டுக்கு வந்தன.

அடுத்து எங்கே குடியிருப்பது என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. அவர்களுக்கே தெரியும். தெப்பக்குளமேடு என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரிலேயே மேடு இருக்கிறது. அங்கே போய்க் குடிசை போட்டார்கள். அனுமதி இல்லை என்று அகற்றப்பட்டார்கள். தேயிலை எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் தங்க வைக்கப்பட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன் கூலிகளைத் தங்க வைத்த அதே மாதிரி வீடுகள்!

அவர்கள் விடவில்லை. 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் கையில் இருந்தது. மனு கொடுத்தார்கள், கிராமசபைத் தீர்மானம் போட்டார்கள், போராட்டம் நடத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து, 2021-ல்தான் தெப்பக்குளமேட்டில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது.

சல்லிவன் 1819-ல் இடம் பார்த்து வீடு கட்ட யாரிடமும் மனுப் போடவில்லை. வராத இளவரசருக்கு ரோடும் வீடும் சில மாதங்களில் தயாராயின. எந்த மேடு சரியும், எந்த மேடு சரியாது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வருஷம் ஆயிற்று. முல்லைப்பாட்டு வேடர்களுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது என்பதில் ஒரு சந்தோஷம். ஒன்றரை சென்ட் நிலத்துக்கு இவ்வளவு பாடு என்பதில் ஒரு வருத்தம்.

ஆனைமலைக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் அனுமதியோடு போகட்டும். தீப்பெட்டியையும் பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். முன்னால் நடக்கும் வழிகாட்டி "இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போவோம்" என்று சொன்னால் ஏன் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். எந்த கைடு புத்தகத்திலும் இல்லாத பதில் கிடைக்கும். அப்படியே அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும்.